ராட்சச ரப்பர்களும் சென்னை வெயிலும்

மூன்று கண், முதுகெல்லாம் முள், வாய் நிறையப் பல் என்று பழைய பொம்மை ரப்பர்கள் உங்களிடம் இருந்தால், முதலில் அவற்றைப் பளபள பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வெளியே எடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஜாமென்ட்ரி பாக்ஸில் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் ஸ்கேலில் அந்த இடம் குழிந்திருக்கும். எல்லோரும் பார்த்திருப்போம். இந்த ராட்சச உருவ ரப்பர்களில் பெரும்பாலானவை பிவிசி என்ற பிளாஸ்டிக்தான். பிவிசி இயல்பில் விறைப்பானது; அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு திரவம் சேர்ப்பார்கள். வருஷம் போகப் போக அது கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. இப்படிப்பட்ட ஸ்கேலும் பளபள டப்பாவும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்; கசிந்த திரவம் பட்டால் அதை இளக்கிவிடும். புது ரப்பருக்கு அட்டை உறை போட்டு விற்பதும் இதற்காகத்தான்.

அதனால் டப்பாவைத் திருப்பி அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 இருந்தால் பாலிஸ்டைரீன், 3 இருந்தால் பிவிசி, இரண்டும் வேண்டாம். ஹோட்டலில் சாம்பார் கட்டித் தருகிற டப்பாவில் பெரும்பாலும் 5 இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன், தாராளமாக வைக்கலாம். நான் நம்புவது கண்ணாடி பாட்டிலைத்தான். சிவப்பு ரப்பரும் வெள்ளை ரப்பரும் ஒன்றையொன்று தொடக் கூடாது, சாயம் ஏறினால் போகாது. செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

வைக்கும் இடம் பீரோவின் கீழ்த்தட்டு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் வைக்கவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் அங்கே கை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்துருண்டையும் பக்கத்தில் கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். ஐப்பசி மழைக்குச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

பிசுபிசுப்பு வந்துவிட்டதா? வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, குழந்தைகளின் பல் பிரஷ். என்னிடம் ஒரு பச்சை ஒற்றைக்கண் ஆசாமி இருக்கிறான். விரல்களுக்கு நடுவில்தான் கறுப்பு அழுக்கு தங்கும், பிரஷை அங்கே மட்டும் குறுக்கே ஓட்டுவேன். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காய வையுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஆகாது.

வாங்குவதற்கு, மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அல்லிக்குளத்துக்கு மாறிய கடைகளைச் சுற்றிப் பாருங்கள். தெருமுனையில் இருக்கும் பழைய ஸ்டேஷனரி கடைகள் இன்னும் நல்லது. “அண்ணே, விற்காத பழைய ரப்பர் ஏதாவது மேலே கிடக்கா?” என்று கேட்டால் ஏணி போட்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஆன்லைனில் என்றால் முதுகுப் பக்கப் படத்தைக் கேளுங்கள். ஜப்பானில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் 1983 முதல் விட்ட ‘கின்கேஷி’ என்ற மல்யுத்த வீரர் பொம்மை ரப்பர்கள் 418 வகை. அதையே மேட்டல் நிறுவனம் 1985இல் அமெரிக்காவில் தோல் நிறத்தில் விற்றது. இரண்டும் அதிகம் தேடப்படுபவை, போலியும் அதிகம். முதுகில் இருக்கும் எழுத்துகள் மழுங்கி, ஓரத்தில் பிசிறு தெரிந்தால் விட்டுவிடுங்கள். காகிதத்தில் தேய்த்து மட்டும் சோதிக்காதீர்கள். இவை அழிப்பதைவிடத் தீற்றுவதே அதிகம்.

வெடிப்பு விட்டுக் கெட்டியானது நிஜ ரப்பராக இருக்கலாம். மிருதுவாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எண்ணெயில் ரப்பர் ஊதி உருவம் கெடும். வளைத்தும் பார்க்காமல், வெளிச்சம் படாத இடத்தில் தனி பாட்டிலில் போட்டு வையுங்கள்.