கல்வத்தில் அரைத்துச் செய்யும் குளுக்கோஸ் சென்சார்

எங்கள் ஆய்வகத்துக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்ய வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இந்த எலக்ட்ரோடைத்தான்: கார்பன் நானோகுழாயை அயனித் திரவத்தில் அரைத்துப் பூசி, மேலே குளுக்கோஸோடு வினைபுரியும் என்சைமை ஏற்றியது. செய்வது எளிது. செய்ததை நம்பலாமா என்று பார்ப்பதுதான் கடினம், அதனால் இங்கே அதற்கே கூடுதல் இடம்.

கார்பன் நானோகுழாய் எலக்ட்ரானை நன்றாகக் கடத்தும். ஆனால் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், தண்ணீரில் பிரியாது. அயனித் திரவம் என்பது அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பு. அயனியைக் கடத்தும், ஆவியாகி ஓடாது. 2003இல் ஜப்பானில் தகனோரி ஃபுகுஷிமா, தகுசோ ஐடா குழுவினர் இமிடசோலியம் வகைத் திரவத்தில் ஒற்றைச்சுவர் நானோகுழாய்களை அரைத்தபோது கட்டுகள் பிரிந்து ஜெல்லாக மாறியது. ‘பக்கி ஜெல்’ என்று பெயர் வைத்தார்கள். விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதால் நாங்கள் பலசுவர்க் குழாயைப் பயன்படுத்துகிறோம்.

திரவத்துக்கு பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் போதும். தண்ணீரோடு கலக்காது என்பதால் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) வைத்தாலும் படலம் நிற்கும். இதே அயனியின் டெட்ராஃபுளோரோபோரேட் உப்பை வாங்கிவிடாதீர்கள், அது தண்ணீரில் கரைந்து போய்விடும். ஒரு எச்சரிக்கை: ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் சூடும் அமிலமும் ஈரமும் சேர்ந்தால் மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு விடும். பாட்டிலை உலர்வாக வைத்திருங்கள்.

பாட்டிலைத் திறந்ததும் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் திரவத்தை வடிநீரோடு குலுக்கி நிற்கவிட்டால் தண்ணீர் மேலே வரும். அதை எடுத்து ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் தயாரிப்பின்போது மிச்சமான ஹேலைடு (குளோரைடு போன்ற அயனி) இருக்கிறது. கலங்காமல் வரும்வரை தண்ணீரில் கழுவி, வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள்.

குழாய்களைச் செறிந்த கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் 3:1 கலந்து அல்ட்ராசானிக்கில் சில மணி நேரம் வைத்து, கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை அலசுங்கள். உலோகத் துகள் கணிசமாகப் போகும், சுவரில் கார்பாக்சில் தொகுதிகள் வரும். அதிக நேரம் விட்டால் குழாய் துண்டுதுண்டாகும், கடத்தலும் குறையும். உலர்ந்த குழாய்த்தூள் காற்றில் பறக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஃபியூம் ஹூடுக்குள் முகக்கவசத்தோடுதான் எடை போட வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, இப்போது அரைப்பது. அகேட் கல்வத்தில் 10 மில்லிகிராம் குழாய், 0.2 மில்லிலிட்டர் அயனித் திரவம். சுமார் 20 நிமிடம் ஒரே சீராக அரையுங்கள். முதலில் திரவம் தனியாகப் பளபளக்கும், கரும் துகள் தனியாகத் தெரியும். பிறகு இரண்டும் ஒன்றாகும். சித்த மருந்து அரைப்பவர்கள் மெழுகுப் பதம் என்பார்களே, அதுதான் அடையாளம்: குழவியைத் தூக்கினால் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், வழியக் கூடாது.

கிளாசி கார்பன் (கண்ணாடிபோல் வழவழப்பான கார்பன்) எலக்ட்ரோடை 0.3, அப்புறம் 0.05 மைக்ரான் அலுமினாவில் தேய்த்துக் கழுவுங்கள். ஃபெர்ரிசயனைடில் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவது) ஓட்டி, இரண்டு உச்சிகளுக்கும் இடைவெளி 60 முதல் 80 மில்லிவோல்ட்டுக்குள் வந்தால் மட்டும் மேலே போங்கள். ஜெல்லைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, எலக்ட்ரோடை அதன் மேல் தேய்த்து எடுங்கள். படலம் மெலிதாக இருக்கட்டும். தடித்தால் பின்னணி மின்னோட்டம் ஏறி, சிறிய சிக்னல் அதற்குள் மூழ்கிவிடும்.

அதன் மேல் பி.எச். 7 பாஸ்பேட் பஃபரில் கரைத்த, குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும் என்சைமான குளுக்கோஸ் ஆக்சிடேஸ், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசலில் 5 மைக்ரோலிட்டர். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் உலரவிட்டு, நீர்த்த கைட்டோசான் (படலமாகப் படியும் பாலிமர்) ஒரு சொட்டால் மூடுங்கள். கைட்டோசான் கரைக்க அசிட்டிக் அமிலம் வேண்டும், என்சைமின் மேல் விடும் முன் பி.எச். 5.5 அருகே கொண்டுவாருங்கள். குளுக்கோஸ் கரைசலை முந்தின நாளே கலக்கி வையுங்கள். கரைசலில் குளுக்கோஸ் ஆல்ஃபா, பீட்டா என்று இரு வடிவங்களில் இருக்கும், இந்த என்சைம் பீட்டா வடிவத்தைத்தான் தொடும். ஆல்ஃபாவும் பீட்டாவும் சமநிலைக்கு வர நேரம் வேண்டும்.

இனிதான் நான் பிடிவாதமாக இருக்கும் இடம். நைட்ரஜன் ஓட்டிய பஃபரில் ஸ்கேன் செய்தால் சில்வர்–சில்வர் குளோரைடுக்கு எதிராக சுமார் மைனஸ் 0.45 வோல்ட்டில் அழகான ஒரு ஜோடி உச்சி வரும். ‘என்சைம் நேரடியாக எலக்ட்ரான் தருகிறது’ என்று உடனே எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த உச்சி, என்சைமுக்குள் எலக்ட்ரானை வாங்கித் தரும் எஃப்.ஏ.டி. என்ற துணைக்கூறினுடையது. அது புரதத்தின் ஆழத்தில் புதைந்திருப்பது. என்சைம் சிதைந்து வெளியே வந்த எஃப்.ஏ.டி. குழாயில் ஒட்டினாலும் அதே உச்சிதான். சவுத்தாம்ப்டனின் பிலிப் பார்ட்லெட் 2018இல், சிதையாத குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நானோகுழாயிலோ கிராஃபீனிலோ நேரடியாக எலக்ட்ரான் தருவதற்கு ஆதாரமே இல்லை என்று வாதிட்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நீங்களே சோதியுங்கள். கொதிக்கவைத்த என்சைமை வைத்து ஒரு எலக்ட்ரோடு செய்யுங்கள். உச்சி அப்படியே நின்றால் உயிருள்ள என்சைமுக்கு அது சாட்சி இல்லை. ஆக்சிஜன் இல்லாத கரைசலில் குளுக்கோஸ் சேர்த்துப் பாருங்கள், ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் உயராவிட்டால் நேரடிப் பரிமாற்றம் நடக்கவில்லை. காற்றுள்ள கரைசலில் குளுக்கோஸ் சேர்த்ததும் ஆக்சிஜன் ஒடுக்க மின்னோட்டம் (ஆக்சிஜன் எலக்ட்ரோடிலிருந்து எலக்ட்ரானை வாங்குவதால் வருவது) இறங்கினால், என்சைம் உயிரோடு இருந்து ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று அர்த்தம். நல்ல சென்சாருக்கு அது போதும். அளவிடுவதற்கு எலக்ட்ரானை என்சைமிலிருந்து எலக்ட்ரோடுக்குச் சுமந்து செல்லும் ஃபெரோசீன் போன்ற இடையீட்டுப் பொருள் சேர்க்கலாம், அல்லது உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கலாம். பெராக்சைடு அளப்பதென்றால் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் குறுக்கிடும். மேலே நாஃபியான் என்ற எதிர்மின்னூட்டப் பாலிமரைப் பூசினால் எதிர்மின்னூட்டமுள்ள அவை இரண்டும் பெருமளவு விலகும், மின்னூட்டமில்லாத பாராசிட்டமால் உள்ளே வந்துவிடும்.

வெறும் கார்பன், குழாய் மட்டும், திரவம் மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று நான்கு எலக்ட்ரோடுகளை ஒரே நாளில் ஒரே பஃபரில் ஓட்டுங்கள். சேர்க்கையால் பயன் உண்டா என்பதை அந்த ஒப்பீடுதான் காட்டும். அளவீட்டுக் கோடு 3.9 முதல் 7 மில்லிமோலார் வரையாவது நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் வெறும் வயிற்றில் இயல்பான அளவின் தொடக்கமும் நீரிழிவு என்று கருதும் வரம்பும் அந்த இரண்டு எண்கள்தான். வேலை முடிந்ததும் பஃபரில் ஊறப்போடாமல் 4 டிகிரியில் உலர்வாக வையுங்கள். தண்ணீரோடு கலக்காத அயனித் திரவமும் நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.