ஐசோடோப், ஐசோபார், ஐசோடோன்: குழப்பமில்லாமல் பிரித்தறிவது எப்படி?

அணு அமைப்புப் பாடத்தில் இந்த மூன்று பெயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிடும் மாணவர்கள் ஏராளம். வரையறையை உருப்போடுவதுதான் காரணம். உருப்போடவே வேண்டாம். ‘ஐசோ’ என்றால் கிரேக்க மொழியில் ‘சமம்’. எது சமம் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: மூன்று எண்களை எழுதுங்கள்

ஒவ்வொரு அணுவுக்கும் அணு எண், நிறை எண், நியூட்ரான் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அணு எண் என்பதே புரோட்டான்களின் எண்ணிக்கை. நிறை எண் என்பது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த மொத்தம்; ‘கார்பன்-14’ என்பதில் வரும் 14 அதுதான். நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்கள். இந்தக் கழித்தலை மனக்கணக்காகப் போடாமல் தாளில் போடுங்கள்.

படி 2: பெயரின் வாலைப் பாருங்கள்

ஐசோடோப் ‘ப்’ என்று முடிகிறது: புரோட்டான் சமம். ஐசோடோன் ‘டோன்’ என்று முடிகிறது: நியூட்ரான் சமம். இது வெறும் நினைவுக் குறிப்பு அன்று. ‘ஐசோடோப்’ என்பதில் ‘ப்’ இருந்த இடத்தில் நியூட்ரானுக்காக ‘ன்’ போட்டுத்தான் ‘ஐசோடோன்’ என்ற பெயரையே உருவாக்கினார்கள். ஐசோபாரில் உள்ள ‘பார்’ எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் ‘பாரம்’ என்று நினைத்துக்கொண்டால் மறக்காது: நிறை எண் சமம். (வானிலை வரைபடத்தில் வரும் ஐசோபார் வேறு, அது சம அழுத்தக் கோடு.)

படி 3: இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள்

கார்பன்-14ஐ எடுத்துக்கொள்வோம். 6 புரோட்டான், 8 நியூட்ரான்.

கார்பன்-12இல் 6 புரோட்டான், 6 நியூட்ரான். புரோட்டான் ஒத்துப்போகிறது, ஐசோடோப்.

நைட்ரஜன்-14இல் 7, 7. கூட்டினால் இரண்டுக்கும் 14, ஐசோபார். கார்பன்-14 கதிரியக்கத்தால் சிதையும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி இதே நைட்ரஜன்-14 ஆகிறது. மொத்தம் மாறாததால்தான் இரண்டும் ஐசோபார்களாக நிற்கின்றன.

ஆக்சிஜன்-16இல் 8, 8. நியூட்ரான் ஒத்துப்போகிறது, ஐசோடோன்.

ஒரே கார்பன்-14 மூன்று பெயரையும் ஏற்றுவிட்டது, கவனித்தீர்களா? இவை உறவுப் பெயர்கள். அண்ணன் என்றால் யாருக்கு அண்ணன் என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதுபோல ‘கார்பன்-14 ஓர் ஐசோபார்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘நைட்ரஜன்-14இன் ஐசோபார்’ என்று எழுதுங்கள்.

படி 4: நீங்களே செய்து பாருங்கள்

ஆர்கான்-40, பொட்டாசியம்-39, கால்சியம்-40. அணு எண்கள் முறையே 18, 19, 20. ஆர்கானும் கால்சியமும் ஐசோபார்கள். பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் தலா 20 நியூட்ரான், ஐசோடோன்கள். ஆர்கானுக்கும் பொட்டாசியத்துக்கும் எந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. அங்கே எந்தப் பெயரும் பொருந்தாது.