கலோரிக் கணக்கிலிருந்து வெளியே வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாம்பார்க் கரண்டியைத் தராசில் வைத்து எடை பார்த்திருக்கிறேன். வெறும் கரண்டி எவ்வளவு, சாம்பாரோடு எவ்வளவு என்று கழித்து போனில் எழுதி வைப்பேன். அதில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு, எவ்வளவு பருப்பு, தாளிப்பில் எவ்வளவு எண்ணெய் என்று அடுத்த கேள்வி வரும். பதில் கிடைக்காத நாளில் சாம்பாரே வேண்டாம் என்று தயிரோடு எழுந்துவிடுவேன். தயிர் பாக்கெட்டில் எண் அச்சடித்திருக்கும். அம்மா வைத்த சாம்பாரில் இருக்காது.

எடை குறைந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் இது உச்சத்துக்குப் போனது. குறைக்கும்போது ஓர் இலக்காவது இருந்தது. குறைந்த பிறகு, திரும்ப ஏறிவிடுமோ என்ற பயம் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பயத்துக்கு முடிவு தேதி கிடையாது. ஒரு மனநல மருத்துவரும் ஒரு டயட்டீஷியனும் கைபிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வழியில் நான் செய்த தவறுகளும், இதே சிக்கலில் இருந்த மற்றவர்களிடம் பார்த்தவையும்தான் இங்கே இருக்கின்றன. டயட் குறிப்பு எதுவும் இல்லை.

இன்னும் துல்லியமாக எண்ணினால் நிம்மதி வரும் என்று நம்புவது

எல்லாவற்றுக்கும் வேர் இந்தத் தவறு. பதற்றம் வரும்போதெல்லாம், ‘கணக்கு சரியில்லை, அதனால்தான்’ என்று தோன்றும். உடனே புதுத் தராசு, புது ஆப், அளவுக் கரண்டி. நான் வாங்காதது இல்லை.

ஆனால் அந்த எண்ணே ஒரு தோராயம்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் போட்ட கணக்கை ஒட்டித்தான் இன்றைக்கும் பாக்கெட்டில் கலோரி அச்சாகிறது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. இவை பல உணவுகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரிகள். உங்கள் தட்டில் இருக்கும் உணவை உங்கள் குடல் எவ்வளவு உறிஞ்சும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பாதாமைச் சாப்பிடக் கொடுத்துச் சோதித்தார்கள். வழக்கமான கணக்கு சொல்வதைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவாகத்தான் உடம்பு எடுத்துக்கொண்டது. சரியாக மெல்லப்படாத பாதாமின் செல்களுக்குள் இருக்கும் கொழுப்பு அப்படியே வெளியே போய்விடுகிறது. அமெரிக்காவில் லேபிளில் போட்டதைவிட உண்மையான கலோரி 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மெஷினில் செய்து பாக்கெட்டில் அடைத்த பொருளுக்கே இந்த நிலை.

வீட்டுச் சமையலை எண்ணி முடிக்கவே முடியாது. ஆப்பில் ‘இட்லி’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும். பல, யாரோ தங்கள் வீட்டு இட்லிக்குப் போட்ட எண்கள். அவர்கள் தட்டின் குழி எவ்வளவு ஆழம், மாவில் உளுந்து எவ்வளவு, யாருக்குத் தெரியும்? எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும். நம் சமையல் கண்ணளவில் நடப்பது. கண்ணளவில் வைத்த குழம்பைக் கிராமில் எழுத உட்கார்ந்தால் மனசு ஓயாது.

இன்னொன்று, எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. இரவு 12 மணிக்கு ஆப் அன்றைய கணக்கை மூடிவிடும். உடம்பு மூடாது. இன்று கொஞ்சம் கூடினால் நாளையோ மறுநாளோ பசி கொஞ்சம் அடங்கும், குறைந்தால் பசி கூடும். அந்த ஏற்பாடு எண்ணுகிறவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவர் பசியைக் கேட்பதை நிறுத்தி எவ்வளவோ நாளாகியிருக்கும்.

காலையும் மாலையும் எடை மெஷினில் ஏறுவது

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு மறுநாள் காலை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டலாம். அன்றைய நாள் அதோடு முடிந்தது. நானும் அப்படி எத்தனையோ நாட்களைத் தொலைத்திருக்கிறேன்.

அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். அப்பளம், ஊறுகாய் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வயிற்றில் இன்னும் செரிக்காத சாப்பாட்டுக்கும் எடை உண்டு. மாதவிடாய் நெருங்கும் நாட்கள், மலச்சிக்கல், பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த பயணம், எல்லாமே முள்ளை அசைக்கும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் ‘மளமளவென்று’ இறங்குவதும் இதே தண்ணீர்தான்.

சாப்பிடுதல் கோளாறுகளுக்கான, அதாவது சாப்பாடும் எடையும் பற்றிய பயம் நாளையே ஆட்டிவைக்கும் மனநலச் சிக்கல்களுக்கான, உளவியல் சிகிச்சையில் பொதுவாக வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில் மட்டும் எடை பார்க்கச் சொல்கிறார்கள். அதையும் தனித்தனியாகப் பார்க்காமல் நாலு வாரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு எண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எனக்கு டயட்டீஷியன் 3 கிலோ அகலமுள்ள ஒரு வரம்பைக் கொடுத்தார். அதற்குள் எங்கே இருந்தாலும் அது என் எடைதான் என்றார். அன்றைக்கு அழுகை வந்தது, நிம்மதியில். வாரம் ஒரு முறைகூடத் தாங்காது என்பவர்கள் மெஷினை வீட்டைவிட்டே அனுப்பிவிடலாம், எடையை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மெஷின் போன பிறகும் வேறு மெஷின்கள் இருக்கும். நாலு வருஷத்துக்கு முந்தைய பட்டுப்புடவை ஜாக்கெட்டை வாரம் இரண்டு முறை போட்டுப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் சுற்றிப் பார்ப்பது, கண்ணாடி முன் பக்கவாட்டில் நிற்பது. இவையும் எடை பார்ப்பதுதான். அந்த ஜாக்கெட்டை டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டேன்.

விருந்துக்கு மறுநாள் பட்டினி கிடப்பது

‘நேத்து ஜாஸ்தியாயிடுச்சு, இன்னிக்குச் சரிக்கட்டிடலாம்.’ கேட்க நியாயமாக இருக்கும். சரிக்கட்டிய அன்று ராத்திரி என்ன நடக்கிறது என்று பாருங்கள். பதினொரு மணிக்கு அடுக்களையில் விளக்கைப் போடாமல் நின்றபடியே முறுக்கு டப்பா காலியாகும். மறுநாள் குற்ற உணர்ச்சி, மறுபடியும் பட்டினி. மனஉறுதி போதவில்லை என்று நம்மையே திட்டிக்கொள்வோம்.

அது பசித்த உடம்பின் இயல்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். எல்லாரும் உடலும் மனமும் நலமாக இருந்த தொண்டர்கள். சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினி. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் மனச்சோர்வும் வந்தன. சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது பலருக்கு நிறுத்தவே முடியவில்லை. அவர்கள் யாரும் எடைக்குப் பயந்தவர்கள் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரெசிப்பி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அந்த 36 பேரை நினைத்துப் பாருங்கள்.

அதனால் சிகிச்சையில் முதலில் செய்வது நேரத்துக்குச் சாப்பிட வைப்பது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிற்றுண்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். நேற்று என்ன சாப்பிட்டிருந்தாலும் இன்றைக்குக் காலை டிபன் உண்டு. கேட்க எளிது, முதல் இரண்டு வாரம் பயமாகத்தான் இருக்கும்.

விரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருத்திகை, ஏகாதசி, வெள்ளிக்கிழமை என்று திடீரென்று விரதங்கள் கூடிக்கொண்டே போனால், எதற்காக இருக்கிறோம் என்று நமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. கோயிலில் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்ததும் மனசு கணக்குப் போட்டால், அந்த விரதத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். உடம்பு சரியில்லாதவர்களுக்கு விலக்கு நம் வழக்கத்திலேயே உண்டு.

ஒரே நாளில் ஆப்பை அழிப்பது

மூன்று முறை அழித்தேன், மூன்று முறையும் திரும்ப ஏற்றினேன். சிலருக்கு ஒரேயடியாக விடுவது பலிக்கும். எனக்குப் படிப்படியாகத்தான் வந்தது. முதலில் காலை டிபன் மட்டும் எழுதுவதில்லை, அதுவும் வேறு யாராவது செய்து தட்டில் வைப்பது. பதற்றம் ஏறும். ஏறியது கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும், நாம் நடுவில் எழுந்து போய்க் கணக்குப் போடாமல் இருந்தால். அது பழகிய பிறகு மதியம், அப்புறம் வெளிச்சாப்பாடு. தராசு பரணுக்குப் போனது. ஆப்பை அழித்த பிறகும் தலைக்குள் எண்கள் பல மாதம் ஓடின. அவை ஓடட்டும், அவை சொன்னபடி நடக்காமல் இருந்தால் போதும்.

இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்து அளவைக் கணக்கிடுவது வேறு விஷயம். அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கலோரியை விட்ட இடத்தில் வேறொரு எண் வந்து உட்காராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 16 மணி நேர உண்ணாமை, சோறே இல்லாத வாரம், தினம் 10,000 அடி. இந்தப் பத்தாயிரம், 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண். மழை பெய்த நாளில் ஹாலுக்குள் நடந்து நடந்து அதை முடித்தால்தான் தூக்கம் வரும் என்றால், பழைய சிக்கல் வேறு உடையில் வந்திருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்வது

‘இளைச்சு எவ்வளவு அழகா ஆயிட்டே!’ என்பதும் ‘என்னடி, கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே?’ என்பதும் சொல்கிறவருக்கு விசாரிப்பு. கேட்கிறவருக்கு இரண்டுமே ஒன்றுதான்: எல்லாரும் என் எடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தையிடம் நான் கடைசியில் சொல்லப் பழகியது இது: “உடம்பைப் பத்தி வேண்டாமே அத்தை, எனக்குக் கஷ்டமா இருக்கு. தம்பி வேலை விஷயம் என்னாச்சு?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை கேட்கவும் இல்லை.

பெற்றோர் பயத்தில் தட்டையே உற்றுப் பார்ப்பார்கள், ‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்சுவார்கள், பிறகு கத்துவார்கள். அதைவிட, கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வேறு எதையாவது பேசுங்கள். என் அப்பா தினமும் மதியம் போன் செய்து கிரிக்கெட் பற்றிப் பேசுவார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வைக்க மாட்டார். சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எலும்பும் தோலுமாக ஆனால்தான் நோய் என்று காத்திருப்பது

சரியான எடையிலும் அதிக எடையிலும் இருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும், ஆண்களுக்கும் வரும். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பிடுதல் கோளாறு இருந்த 105 பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பிரபலமான ஒரு கலோரி ஆப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களிலும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர், தங்கள் நோயில் அதற்குப் பங்கு உண்டு என்றார்கள்.

மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நிற்பது, எழுந்தால் கண் இருட்டுவது, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எப்போதும் குளிர்வது, கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, சாப்பிட்டதை வெளியேற்றத் தோன்றுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். மயக்கமோ படபடப்போ இருந்தால் அன்றைக்கே. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், எடையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அறிகுறி எதுவும் இல்லாமல், சாப்பாட்டு நினைப்பு மட்டுமே நாளைத் தின்கிறது என்றாலும் உதவி கேட்கலாம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் நான் பல நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் மருத்துவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “சாப்பாட்டை எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தப் பயமாக இருக்கிறது.” மீதியை அவர் கேட்டுக்கொண்டார்.