டர்பனில் மாணவர் இசை மாநாடு நடத்துவோருக்கு

அமெரிக்கக் கல்லூரிகளின் பேண்டு இசைக்குழுக்களுக்குத் துணைநிற்கும் கப்பா கப்பா சை என்ற சகோதர அமைப்பு 1919இல் ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரில் தொடங்கியது. அதன் இணையமைப்பாகப் பெண்களுக்கென உருவான டௌ பீட்டா சிக்மா 1946இல் முறைப்படி நிறுவப்பட்டது. இரண்டும் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஆண்டுதோறும் வட்டார மாநாடுகளை ஒரே இடத்தில் கூட்டி, சில அமர்வுகளில் ஒன்றாகவும் சிலவற்றில் தனித்தனியாகவும் அமர்கின்றன. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நத்தால், கௌட்டெங் மாகாணங்களில் உள்ள தமிழ் மாணவர் இசைக்குழுக்கள் ஆண்டுக்கொரு முறை கூட விரும்பினால், அவர்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேலைப் பிரிவினையைத்தான். கூட்டத்தை நடத்துவது வட்டார நிர்வாகிகளின் பொறுப்பு. இடம், உணவு, படுக்கை, போக்குவரத்து ஆகியவை விருந்தோம்பும் குழுவின் பொறுப்பு. தலைமை நாற்காலியிலும் அமர்ந்து சமையற்கட்டையும் கவனிக்க முற்படுகிறவரால் இரண்டுமே கெடும்.

தேதியை முடிவு செய்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அமெரிக்கர்களைப் பின்பற்றி மார்ச், ஏப்ரலில் வைத்தால் ஈஸ்டர் குறுக்கிடும்; பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் உங்கள் மேளக்காரர்களும் பாடகர்களும் இருப்பார்கள். மே, ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் தேர்வுகள் வரும். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் நடப்பதால் விடுதி அறைகளின் வாடகை ஏறிவிடும். மாத நடுவில் ஆடி பிறந்துவிட்டால் கோயில்தோறும் கஞ்சி வார்ப்பு தொடங்கி, வார இறுதிகளில் கலைஞர்கள் கிடைக்க மாட்டார்கள். எஞ்சுவது ஜூலை இரண்டாம் வார இறுதி. பல்கலைக்கழகக் குளிர்கால விடுமுறையும் பெரும்பாலும் அப்போதே வருவதால், மாணவர் விடுதி அறைகளை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளி மாலையில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவிலிருந்து வருகிறவர்கள் என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வர வேண்டும். வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் லாரி வரிசையும் சேர்ந்தால் இரவு பத்து மணிக்குக்கூட வேன் வந்து சேராது. அன்றைய வேலை பதிவு, உணவு, உறக்கம் என்ற அளவோடு நிற்கட்டும். வாக்களிக்கும் கூட்டத்தைச் சனி காலையில் வைத்து, கிளைக்கு ஒரு வாக்கு என்ற விதியையும் வாக்குரிமை பெற்ற பிரதிநிதியின் பெயரையும் பதிவுப் படிவத்திலேயே உறுதிசெய்துகொண்டால், மேடையில் வாக்குவாதம் எழாது.

அந்தப் படிவத்தில் பெரும்பாலோர் கேட்க மறப்பது சுருதி. மாநாட்டின் உயிர், எல்லாக் குழுக்களிலிருந்தும் கலைஞர்களைச் சேர்த்து அந்த வார இறுதிக்கு மட்டும் அமைக்கும் பொது இசைக்குழுதான். அதன் சிக்கல் முழுவதும் சுருதியில் இருக்கிறது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள்; ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். நீளமான பாரி நாதஸ்வரமோ இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். ஒரே மிருதங்கத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏற்ற முடியாது. வலிந்து ஏற்றினால் வார் அறும் அல்லது தோல் கிழியும். எனவே தாழ்ந்த சுருதிக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஒன்று என இரண்டு மிருதங்கங்கள் யாரிடம் உள்ளன என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே அறிந்து, பாடல்களையும் சுருதிவாரியாகப் பிரித்துவிடுங்கள். பாடல் வரிகளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அடுத்தடுத்து அச்சிடுவது நல்லது. நம் பிள்ளைகளில் பலர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் படித்தே பிழையின்றிப் பாடுகிறார்கள், அதில் குறைப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலக் காற்றில் இறுகியிருந்த மிருதங்கத் தோல், கடலோர ஈரப்பதத்துக்கு வந்ததும் தளர்ந்து சுருதி இறங்கும். வந்த இரவே கருவியை உறையிலிருந்து எடுத்து, விடியும்வரை அறையின் காற்றுக்குப் பழகவிட்டு, ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கல்லும் மரக்கட்டையும் கொண்டு தட்டிச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பூசும் ரவைப் பசையைப் பிசையத் தண்ணீரும், பிறகு வழித்தெடுத்துப் போடக் குப்பைத் தொட்டியும் தனி மேசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பசை அரங்கத்தின் தரைவிரிப்பில் காய்ந்து, முன்பணம் திரும்பி வராமல் போகும்.

மின்வெட்டு ஓய்ந்திருக்கும் காலமாயினும் அரங்க நிர்வாகியிடம் ஜெனரேட்டரைப் பற்றிக் கேளுங்கள். 'இருக்கிறது' என்ற பதில் போதாது. அது மேடை விளக்குக்கு மட்டுமா, ஒலிபெருக்கிக்கும் சமையலறைக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். சனி இரவு நிகழ்ச்சிக்குப் பொதுமக்களை அழைத்துத் திரைப்பாடல்களையும் பாடுவதாயின், இசைப் படைப்புரிமையைக் கவனிக்கும் சாம்ரோ அமைப்பின் உரிமம் தேவையா, அரங்கம் அதை ஏற்கெனவே பெற்றிருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். பங்கேற்பாளர்களின் தொலைபேசி எண்களை எல்லோருக்கும் பட்டியலாக அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது.

உணவைப் பொறுத்தவரை எனக்கு ஒரே பிடிவாதம் உண்டு: மூன்று நாளும் சைவமே சமையுங்கள். விரதமிருப்பவர், மாட்டிறைச்சி தவிர்ப்பவர், ஹலால் பார்க்கும் முஸ்லிம் நண்பர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பானை வைத்தால் செலவும் குழப்பமும்தான் மிஞ்சும். சனி மதியம் பருப்போடு காய்கறி பிரேயாணி, இரவு குடைந்த பிரெட்டில் பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சௌ, ஞாயிறு காலை ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் போதும். பன்னி சௌவைக் கையால்தான் உண்பார்கள் என்பதால் கை கழுவும் இடம் அருகிலேயே இருக்கட்டும். குழம்பு வழியும் விரலோடு யாரும் ஆர்மோனியத்தைத் தொடக் கூடாது.

ஞாயிறு பகல் பதினொரு மணிக்குள் அடுத்த ஆண்டுக்கான இடத்தை வாக்கெடுப்பில் முடிவு செய்து, வேன்களை அனுப்பிவிடுங்கள். இருட்டுமுன் அவை கணவாயைக் கடந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வரவுசெலவுக் கணக்கை ரசீதுகளோடு வட்டாரப் பொருளாளரிடம் ஒப்படைத்து, அரங்க ஒப்பந்தத்தின் நகல், சமையற்காரரிடம் பேசிய அளவுகள், சுருதிப் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பாக அடுத்து நடத்தும் குழுவுக்கு அனுப்புங்கள்.