ரென்பை திரையமைப்பு: எண் எங்கிருந்து அளக்கப்படுகிறது?

காட்சி நாவல் வகை விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான ரென்பையில் (Ren'Py) ஒரு பொத்தான் நினைத்த இடத்தில் உட்காரவில்லை என்றால், எண்ணைப் பத்துப் பத்தாகக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அந்த எண் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள்.

எக்ஸ்பாஸ் (xpos) என்பது கிடைமட்ட இடம். அது 1 என்றால் இடது ஓரத்திலிருந்து ஒரு பிக்சல். 1.0 என்றால் முழு அகலம். புள்ளி விட்டுப்போனால் பிழைச் செய்தி எதுவும் வராது. பொத்தான் பேசாமல் இடது ஓரத்துக்குப் போய்விடும். அதற்காக வலது ஓரத்தில் ஒட்ட எக்ஸ்பாஸ் 1.0 கொடுத்தாலும் பலிக்காது. பொத்தானின் இடது விளிம்புதான் அங்கே போய் நிற்கும், உடம்பு முழுக்கத் திரைக்கு வெளியே. கொடுக்க வேண்டியது எக்ஸ்அலைன் 1.0. அது எக்ஸ்பாஸையும், பொத்தானின் எந்தப் புள்ளி அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்ஆங்கரையும் ஒரே மதிப்பில் வைக்கும்.

இதே காரணத்தால் எக்ஸ்அலைன் 0.25 பலரை ஏமாற்றும். 1920 அகலத் திரையில் 400 பிக்சல் பொத்தானின் நடுப்பகுதி 480-இல் வரும் என்று நினைப்போம். உண்மையில் பொத்தானின் கால்பங்குப் புள்ளிதான் 480-இல் அமரும்; இடது விளிம்பு 380-இல், நடு 580-இல். நடுவே 480-இல் வேண்டுமானால் எக்ஸ்பாஸ் 0.25, எக்ஸ்ஆங்கர் 0.5 என்று பிரித்துக் கொடுங்கள்.

உரையாடல் பெட்டியில் வேறொரு குழப்பம். வசனத்தின் எக்ஸ்பாஸும் ஒய்பாஸும் (செங்குத்து இடம்) திரையிலிருந்து அல்ல, பெட்டியின் இடது, மேல் விளிம்புகளிலிருந்து அளக்கப்படுகின்றன. 1080 உயரத் திரைக்கு ரென்பை தரும் வார்ப்பில் பெட்டியின் உயரம் 278, வசனம் தொடங்குவது பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து 75-இல். பெட்டிப் படத்தை 350 உயரத்துக்கு வரைந்துவிட்டு உயர மாறியை அப்படியே விட்டால், படம் கீழ் ஓரத்தோடு ஒட்டி 72 பிக்சல் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். எழுத்து பழைய கணக்கில் கீழே கிடக்கும். படம் மாறினால் உயரமும் மாற வேண்டும். வசனத் திரையை நீங்களே புதிதாக எழுதினால், வசன உரைக்கு 'வாட்' (what) என்ற ஐடி (அடையாளப் பெயர்) கட்டாயம்.

வளைந்த மூலையுள்ள சட்டம் இழுபட்டு அசிங்கமாகத் தெரிந்தால், படத்தை ஃபிரேமுக்குள் (Frame) போட்டு பார்டர்ஸ் (இழுபடக்கூடாத ஓரங்களின் அளவு) கொடுங்கள். வரிசை: இடது, மேல், வலது, கீழ். மூலையின் ஆரம் 30 பிக்சல் என்றால் நான்கும் 30-க்குக் குறையக்கூடாது. ஒன்று கவனிக்க: இயல்பான ஸ்டைலில் (தோற்ற அமைப்புகளின் தொகுப்பு) உள்ளிடைவெளியும் இதே எண்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எண் கூடினால் உள்ளே இருக்கும் எழுத்தும் நகரும்.

பட பொத்தானில் சாதாரணப் படமும் சுட்டி படும்போது வரும் படமும் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் குதிக்கும். ஒளிவட்டம் வேண்டுமா, இரண்டு படத்திலும் அதற்கான வெற்றிடம் விடுங்கள்.

தெளிவுத்திறனை 1280×720-இலிருந்து 1920×1080-க்கு ஜியுஐ கோப்பில் (இடைமுக அமைப்புகள் உள்ள கோப்பு) ஜியுஐ.இனிட் வரியில் மட்டும் மாற்றுவது பெரிய தவறு. மற்ற எண்கள் 1.5 மடங்காகத் தாமாக மாறாது. எல்லாம் இடது மேல் பக்கமாகச் சுருங்கிக் கிடக்கும். லாஞ்சரில் (ரென்பையைத் திறந்ததும் வரும் சாளரம்) ஜியுஐ-யைப் புதிதாக உருவாக்கினால் சரியாகும், ஆனால் உங்கள் திருத்தங்கள் அழியும். திட்டத்தை நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள். அளவை முதல் நாளே முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆட்டத்தின் நடுவில் டாலர் குறியில் தொடங்கும் பைதான் வரியால் ஜியுஐ மாறிக்குப் புது மதிப்பு கொடுத்தால் பொதுவாக ஒன்றும் மாறாது. ஸ்டைல்கள் தொடக்கத்திலேயே கட்டப்பட்டுவிடுகின்றன. எழுத்தளவை விளையாடுபவரே மாற்ற வேண்டுமானால் ஜியுஐ.பிரிஃபரன்ஸ், ஜியுஐ.செட்பிரிஃபரன்ஸ் இரண்டும் அதற்காகவே உள்ளன.

எந்த ஸ்டைல் எங்கிருந்து வருகிறது என்று புரியாவிட்டால், சுட்டியை அதன் மேல் வைத்து ஷிஃப்ட்டோடு ஐ அழுத்துங்கள். திருத்திய கோப்பை உடனே ஏற்ற ஷிஃப்ட்டோடு ஆர்.

கணினியில் சரியாகத் தெரிந்தது போனில் மட்டும் மாறினால், ஜியுஐ கோப்பின் அடியில் இருக்கும் சிறு திரைப் பகுதியைப் பாருங்கள். எழுத்தளவு, பெட்டி உயரம், வசன அகலம் ஆகியவற்றுக்குத் தனி மதிப்புகள் அங்கே இருக்கும். மேலே நீங்கள் எழுதியதை அவை மீறும். லாஞ்சரின் ஆண்ட்ராய்டு பகுதியில் உள்ள போன் எமுலேஷனில் ஓட்டினால், கருவி இல்லாமலேயே இது தெரிந்துவிடும்.