ஏற்காட்டு மலைப்பாதைக்கு ஏற்ற சஸ்பென்ஷன்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர் சஸ்பென்ஷனை (சக்கரங்களைக் காரின் உடலுடன் இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) மேம்படுத்த நினைத்ததும் முதலில் தேடுவது, காரைத் தாழ்த்தும் விறைப்பான ஸ்பிரிங்குகளைத்தான். சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காட்டுக்கு ஓட்டப்போகிறவர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. பலருக்கு அது தேவைப்படவே போவதில்லை. கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவிட்டால் கார் உண்மையாகவே நன்றாக ஓடும் என்பதை, எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஆகிய இரண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர், டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. அந்த ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது என்பதால், நம் ஊரில் அதை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: சாலையை முடிவு செய்யுங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் கார் ஆள் ஓடும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில்தான் திரும்புகிறது. அந்த வேகத்தில் உடல் சாய்வதால் பெரிய கேடு எதுவும் இல்லை. வளைவின் உட்புறத்தில் தார் பெயர்ந்த இடத்திலும் டயர் தரையை விடாமல் பற்றியிருக்கிறதா, வேகத்தடையில் அடிப்பாகம் உரசாமல் போகிறதா என்பவையே அங்கு முக்கியம். தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்திலோ, வேகமாகச் செல்லும்போது தடம் மாறினாலும் கார் தடுமாறாமல் நிலையாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் விறைப்பான ஸ்பிரிங்கைவிட, நல்ல நிலையில் உள்ள புஷ்களும் (அசையும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) ஷாக் அப்சார்பர்களும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குபவை) சிறப்பாக நிறைவேற்றும்.

படி 2: இருப்பதை அளந்து எழுதுங்கள்

சமதளத்தில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் கணிசமான வேறுபாடு இருந்தால், ஏதோ ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்கியபின், சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பழுது வீல் பேரிங்கில் இருக்கிறது. நிற்காவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), டிரன்னியன் (அந்த அச்சின் மூட்டு), புஷ் ஆகியவற்றில் தேட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடும் கார்களில் டயரின் பூ தேயாமலேயே ரப்பர் இறுகிவிடுகிறது. அப்படிப்பட்ட டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனுக்குச் செலவிடுவது வீண்.

படி 3: முதல் பணம் ரப்பருக்கு

ஐம்பது ஆண்டுப் பழைய காரில் மிக மலிவாகக் கிடைக்கும் முன்னேற்றம் புதிய புஷ்கள்தான். எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரின் முன்பக்கக் கீழ்க்கையின் (சக்கரத்தைக் காரின் உடலுடன் கீழ்ப்புறம் இணைக்கும் கை) புஷ், உலோக உறையுடன் ஒரே துண்டாக இருக்கும். சாதாரண எம்ஜிபிக்கும் அது அப்படியே பொருந்தும். ஸ்டீயரிங் கூர்மையாகிறது, சாலை அதிர்வோ பெரிதாக ஏறுவதில்லை. பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்றாலும், குண்டும் குழியுமான சாலையில் அதிர்வையும், கிரீஸ் காய்ந்தபின் கிறீச்சொலியையும் கொடுக்கும் என்பதால், மலைப்பாதைக்கு நான் ரப்பரையே பரிந்துரைப்பேன்.

பொருத்தும்போது ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். இத்தகைய ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் கை மேலும் கீழும் அசைகிறது. கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துபோகும். ஆகவே போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காரை இறக்கி, எடை முழுவதும் சக்கரங்களின் மேல் அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். பட்டறையில் வேலை கொடுத்தால் இதை நேரில் நின்று சொல்லுங்கள்.

ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு கார்களின் முன்பக்கக் கீழ் டிரன்னியனுக்குக் கிரீஸ் அல்ல, 90 தரக் கியர் ஆயில்தான் செல்ல வேண்டும். கிரீஸ் அடித்து வந்தால் அது உள்ளே கெட்டியாகி, மரைகளுக்கு எண்ணெய் எட்டாமல், துருவும் தேய்மானமும் ஏறி, ஒருநாள் திரும்பும்போது வெர்டிகல் லிங்க் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு) முறிந்து சக்கரம் மடங்கிவிடக்கூடும். மலை ஏறுவதற்கு முன் இதைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம்.

படி 4: ஷாக் அப்சார்பர்

காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். மேலே எழுந்து ஒரே முறையில் அடங்க வேண்டும். ஊசலாடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. எம்ஜிபியில் முன்பக்கம் இருப்பது நெம்புகோல் வகை. அதன் கையே சஸ்பென்ஷனின் மேற்கையாகவும் வேலை செய்வதால், அதன் பேரிங் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வும் மாறும். எண்ணெய் குறைந்திருந்தால், இருசக்கர வண்டிகளின் முன்ஃபோர்க்குக்கு ஊற்றும் 20 தர ஆயிலை நிரப்பி, கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காற்றை வெளியேற்றலாம். தண்டு வழியாகக் கசிந்தால் புதுப்பித்தே ஆக வேண்டும். கெட்டியான எண்ணெய் அதற்கு மருந்தல்ல. ஸ்பிட்ஃபயருக்குச் சரிசெய்யக்கூடிய ஷாக் அப்சார்பர் வாங்கினால், மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: ஆன்டி ரோல் பார்

இதற்குப் பிறகும் கார் அதிகமாகச் சாய்கிறது என்று தோன்றினால் மட்டும், முன்பக்க ஆன்டி ரோல் பாரை (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) தடிப்பாக்கலாம். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது: மற்ற அளவுகள் மாறாமல் 16 மி.மீ கம்பிக்குப் பதில் 19 மி.மீ கம்பி போட்டால், விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். ஆகவே ஒரு அளவு மட்டும் ஏற்றினால் போதும்.

பின்பக்கத்துக்கு ஆன்டி ரோல் பார் போடாதீர்கள். இந்தக் கார்களின் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) சாதாரண வகை என்பதால், ஏற்றமான கொண்டை ஊசி வளைவில் உட்பக்கப் பின்சக்கரத்தின் எடை குறைந்ததும் அது வெறுமனே சுழலும், கார் நகராது. பின்பக்கக் கம்பி அந்த எடையை மேலும் குறைக்கிறது. முன்பக்கக் கம்பியோ சாய்வின் சுமையில் பெரும்பங்கை முன்னால் ஏற்றுக்கொண்டு, பின்சக்கரங்கள் இரண்டையும் தரையில் வைக்க உதவுகிறது.

படி 6: ஸ்பிரிங், தேவைப்பட்டால் மட்டும்

உயரம் குறைந்து தளர்ந்த ஸ்பிரிங்கை மூல அளவிலேயே மாற்றுங்கள். சுருளை வெட்டுவதோ சூடாக்கித் தாழ்த்துவதோ கூடாது. முதலாவது ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, அது அமரும் இடத்தில் சரியாகப் பொருந்தாமல் செய்யும், இரண்டாவது எஃகின் வலிமையையே கெடுக்கும்.

பட்டை ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்தது) வேலைக்குச் சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தளர்ந்த பட்டைக்குக் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது லாரிக்குரிய வழி. ஸ்பிட்ஃபயரில் அது ஆபத்து. அதன் பின் அச்சுகள் டிஃபரன்ஷியல் பக்கம் மட்டுமே மடங்குபவை. பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும். அந்த நிலையில் இறக்க வளைவு ஒன்றில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் மடங்கிப் பிடிப்பை இழந்து, பின்பக்கம் சுழன்றுவிடும். 1970இல் வந்த மார்க் 4இல், ஒரு பட்டை மட்டும் இறுக்கப்பட்டு மற்றவை நடுவில் ஆடும்படி அமைத்து இதைப் பெருமளவு தீர்த்தார்கள். பழைய ஸ்பிட்ஃபயருக்கு அந்த ஸ்பிரிங் கிடைத்தால், அதனுடன் வந்த தடித்த முன்பக்கக் கம்பியையும் சேர்த்தே பொருத்துங்கள்.

அடிச்சட்டத்தை வெட்டிப் பற்றவைக்கும் மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரக்கூடும் என்பதால், ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் அவற்றில் இறங்க வேண்டாம்.

படி 7: அலைன்மென்ட்டும் சோதனை ஓட்டமும்

அலைன்மென்ட் மையத்தின் கணினியில் இந்தக் கார்களின் அளவுகள் இல்லாமல் போகலாம். பட்டறைக் கையேட்டின் பக்கத்தைப் படியெடுத்துக் கொண்டு செல்லுங்கள். எம்ஜிபிக்கு முன்சக்கர உள்திருப்பம் (டோ-இன்: சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியிருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மி.மீ. ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து, போதும் என்று தோன்றும் படியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் மலை ஓட்டத்துக்குப் பின், பின்பக்கப் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்கு மீண்டும் இறுக்கி, படி 2இல் எழுதிய உயரங்களை இன்னொரு முறை அளந்து ஒப்பிடுங்கள்.