1946 மிசிசிப்பி நாவலை வாசிக்க ஒரு கணக்கு நோட்டு: செய்முறை

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக்காட்டில் நடக்கும் நாவலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறவெறி என்றதும் நம் கண் வசவுக்கும் அடிக்கும்தான் போகும். வருஷக் கடைசியில் நிலக்காரர் விரிக்கும் கணக்குப் புத்தகத்திலும் அது இருக்கிறது. அந்தக் கணக்கை நாமே ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டு வாசிக்க வேண்டும்.

தேவை ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும். எக்ஸெல் வேண்டாம் என்பேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே நாவலின் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ள நோட்டுதான் தோது.

படி 1: நிலக்காரரின் நிலத்தில் பங்குக்குப் பயிரிடும் குடும்பம் எந்த வகை என்று பாருங்கள். சொந்தமாகக் கோவேறு கழுதையும் ஏரும் இருந்தால், பருத்தியில் கால் பங்கு நிலக்காரருக்கு. உழைப்பு மட்டும்தான் என்றால் பாதி. அன்றைய பொதுவழக்கு இதுதான்.

படி 2: வரவு. ஒரு பேல் (அழுத்திக் கட்டிய பொதி) பஞ்சு சுமார் 500 பவுண்டு. 1946இல் பவுண்டு 32 சென்ட்டை ஒட்டி விற்றது. குடும்பம் 6 பேல் எடுத்ததாக வைத்துக்கொள்வோம்: 960 டாலர். கழுதை உள்ளவருக்கு 720, இல்லாதவருக்கு 480. நாவலில் கழுதை செத்துப்போகும் இடம் வந்தால் இந்த 240 டாலரை ஓரத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வருஷமும் போகும் பணம் அது.

படி 3: கடன். நான் வெகுநேரம் நின்ற இடம் இது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாதாமாதம் முன்பணம் தருவார்கள். மாவும் பன்றிக்கறியும் அதில்தான். மாதம் 25 டாலர் என்றால் மொத்தம் 150. அதற்கு மொத்தமாக 10% வட்டி போட்டால் 165. பார்க்க நியாயமாகத் தோன்றும். டிசம்பரில் கணக்கு முடிப்பதாக வைத்தால், மார்ச்சில் வாங்கியது ஒன்பது மாதம் நிற்கிறது. ஆகஸ்டில் வாங்கியது நான்கே மாதம். சராசரி ஆறரை மாதம். ஆக, ஆண்டு வட்டி 18%ஐத் தாண்டுகிறது. நிலக்காரரின் தோட்டத்திலேயே இருக்கும் கடையில் கடனுக்கு வாங்கினால் விலையே கூடுதல். அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

படி 4: புத்தகம் யார் கையில்? நிலக்காரர் கையில். கறுப்பினக் குடியானவர் கூட்டலைக் கேள்வி கேட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும், உயிருக்கே ஆபத்தும் வரலாம். போரிலிருந்து திரும்பும் மகன் நாவலில் வந்தால், அவனை இந்த இடத்தில் வைத்து வாசியுங்கள். ஐரோப்பாவில் 761வது டாங்கிப் படையில் சண்டையிட்டவர்கள் கறுப்பின வீரர்கள். ஐசக் உட்வர்ட் என்ற நிஜக் கறுப்பின வீரர் 1946 பிப்ரவரியில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையிலேயே பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் போலீஸ் அடித்ததில் இரு கண்ணும் போயின. அடித்த அதிகாரியை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது.

பிற்சேர்க்கை: “480இல் 165 போனால் மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் தலைமுறைக் கடன்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. படி 2இல் விலையை மட்டும் மாற்றுங்கள். 1931–32இல் பவுண்டு சுமார் 6 சென்ட். அதே 6 பேலுக்கு 180 டாலர், பாதி 90. முன்பணத்தை அப்படியே வைத்தால் 75 டாலர் அடுத்த வருஷத்துக்கு ஏறும். நாவலில் தாத்தா காலத்துப் பேச்சு வரும் பக்கங்களுக்கு இந்தக் கணக்கைத் தனித்தாளில் போட்டுக்கொள்ளுங்கள்.